ஒரு பக்கத்துக்குள் ஆச்சி

ஏட்டி சுண்டெலி,

நல்லா இருக்கியா, மாமனாருக்குத் தையல் பிரிச்சாச்சா, பையன் இன்னும் இட்லியைக் கண்டால் ஓடுகிறானா? எல்லாத்துக்கும் பதில் எழுது. நீ திட்ட ஆரம்பிக்கும் முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சி போயிட்டா. இன்றோடு இருபத்திரண்டு நாள். நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிற நேரமாச்சே என்று தள்ளிப்போட்டேன், அப்புறம் தள்ளிப்போட்டதை எந்த முகத்தோடு சொல்வது என்று இன்னும் தள்ளிப்போட்டேன். வைகிறதை நேரில் வந்து வை.

படுக்கையில் கிடக்கவில்லை. ராத்திரி ஜெபம் முடித்து, "நாளைக்கு நெத்திலி வந்தா வாங்கி வையி" என்று சொல்லிவிட்டுப் படுத்தவள்தான். காலையில் மீன்காரர் வந்து குரல் கொடுத்தபோது அம்மாதான் வாசலுக்குப் போய்ச் சொன்னாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அடக்கம் எல்லாம் நல்லபடியாக நடந்தது, அதை விடு. இப்போ என் தலைவலி வேறே. நினைவு ஆராதனைக்கு ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு அச்சடிக்கிறார்கள். பெரிய மாமா எழுதியதைப் படித்தேன்: 'ஜெப வீராங்கனை', 'பொறுமையின் சிகரம்', 'அமைதியே உருவானவர்'. அமைதியாம்! இது யாரு மாமா, பக்கத்து வீட்டு ஆச்சியா என்று கேட்டுத் தொலைத்தேன். அப்போ நீயே எழுதிக்கோ என்று தாளை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜெப வீராங்கனை என்பதில் பொய் இல்லை. ஆனால் அது என்ன மாதிரி ஜெபம் என்று எழுத வேண்டாமா? ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் எங்களை வைகிற ஜெபம். "பத்து மணிக்கு மேலயும் போனை நோண்டுத பிள்ளையோட கண்ணைத் தேவரீர் காத்தருளும்" என்பாள், நான் அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளுவேன். உன் கணக்கு அரியர் எங்கள் வீட்டு ஜெபத்தில் ரெண்டு வருஷம் இருந்தது. நீ பாஸான பிறகும் எடுக்க மறந்து இன்னும் ஆறு மாசம் ஓடியது, அதை உன்னிடம் சொன்னேனோ என்னவோ.

மெஞ்ஞானபுரத்துக்காரி என்ற திமிரை எங்கே சேர்ப்பது? தாத்தா இடையன்குடி. ரசத்தில் புளி கூடிப்போனதில் சண்டை ஆரம்பித்தாலும் அவரவர் ஊர் வேதக்கோயிலில் வந்துதான் முடியும். "எங்க ஊர்க் கோபுரம் 192 அடி" என்று இவள் தொடங்குவாள். எங்க கோயில் கால்டுவெல் ஐயர் தானே படம் வரைஞ்சு கட்டினதாக்கும் என்பார் அவர். "கட்டினாவ, கட்டினாவ. 1847ல ஆரம்பிச்சு 1880ல முடிச்சாவ. 33 வருசம்! அதுக்குள்ள இயேசு சாமி பொறந்து, வளந்து, ஊழியமும் முடிச்சு, பரத்துக்கே போயிட்டாரு." தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பார். சிரிப்பைக் காட்டாமல் இருக்கத்தான் அந்த நடை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அப்புறம் அந்தக் கோழி. ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்த தன் சொந்தக் கோழியை, மேலத்தெருப் பெரியம்மா ஏலம் கேட்கிறாள் என்று தெரிந்ததும், எழுந்து நின்று அவளுக்கு மேலே மேலே கேட்டு ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து வந்தாளே! மூணாந்தரம் சொன்ன உபதேசியாருக்கே சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த வருஷமும் அதே கோழியைத்தான் கொண்டுபோனாள். கர்த்தருக்கும் லாபம், கோழிக்கும் உயிர் மிச்சம் என்று கணக்குச் சொன்னாள்.

ஆனால் ஒன்று, சுண்டெலி. சிரித்தே பொழுதைக் கழித்தவள் என்று யாராவது நினைத்துவிட்டால் அதுவும் தப்பு. 2023 டிசம்பர் 17, அந்த ஞாயிற்றுக்கிழமை மழை உனக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்போ ஆச்சி ஏரலில் சித்தி வீட்டில் இருந்தாள். தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. கரண்டு இல்லை, போன் இல்லை, எங்களுக்கு ரெண்டு நாள் உயிரே இல்லை. மாடிக்கு ஏறும்போது ஆச்சி கையில் எடுத்தது கைப்பிடி அரிசி டப்பாவை. நம்ம பழைய பால் பவுடர் டப்பாதான், எந்த வீட்டுக்குப் போனாலும் பையில் அதுவும் போகும், உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கு என்று அதில் ரெண்டு பிடி. அவள் கை சின்னது, ஒரு பிடி போட்டால் ஆண்டவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்காம்.

கீழே மூட்டை அரிசி முழுக்கச் சகதி. மேலே பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் பதினாலு பேர், அதில் ரெண்டு கைக்குழந்தை. ஆச்சி டப்பாவைத் திறந்தாள். சித்தி தயங்கினாளாம், அது காணிக்கை அரிசியாச்சே என்று. "ஐயர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ உப்பைப் போடு." ரெண்டு நாள் அந்தக் கஞ்சிதான். வேதப்புத்தகம் கீழேயே கிடந்து ஊறிப்போய், காய்ந்த பிறகு பன் மாதிரி உப்பிவிட்டது. ஊருக்கு வந்ததும் வேளைக்கு நாலு பிடி போட்டுக் கடனை அடைத்தாள், "எடுத்ததை வச்சிரணும்லா" என்று. இதை மட்டும் மாமா எழுதவிடுவார். ஆனால் 'கர்த்தருடைய கிருபையால்' என்று ஆரம்பிக்கச் சொல்கிறார். அவளே அப்படிச் சொல்லவில்லையே என்றால் முறைக்கிறார்.

சரி, உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறே. ஆனித் தேர். உங்கள் ரத வீதி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க வந்ததாகச் சொல்லி நெல்லையப்பர் தேர் பார்த்தாளே, 'எட்ட நின்னு ஒரு பார்வை' என்று வந்தவள் கூட்டத்துக்குள் பூந்து வடத்தில் கையை வைத்துவிட்டாளே! கேட்டதற்கு, "இத்தனை சனம் தெணறுது, ஒரு கை கொடுத்தா என்ன?" என்றாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று நமக்கு அரைக் கிலோ அல்வா வாங்கித் தந்தாள். அந்த அல்வாவுக்கு நான் இத்தனை வருஷம் விசுவாசமாக இருந்தாயிற்று. இப்போ எழுதலாமா? எழுதினால் மாமா என்னைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிடுவார். எழுதாவிட்டால் அந்தத் தாளில் இருக்கப்போவது பாதி ஆச்சிதான். உனக்கும் அதில் பங்கு உண்டு, நீ சொல்லு.

டப்பாவை இப்போ நான்தான் வைத்திருக்கிறேன். என் கைக்கு ஒரு பிடியே போதும், ஆனாலும் ரெண்டாகத்தான் விழுகிறது. ரேஷன் அரிசிக்கு வந்த கேடு என்று அம்மா முனகுகிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு, அச்சகத்துக்காரர் தினமும் கேட்கிறார். தேர் அன்றைக்கு உங்கள் திண்ணையில் உன் அண்ணன் எடுத்த போட்டோவையும் தேடி எடு. நம்மிடம் இருக்கிற படத்திலெல்லாம் பல் தெரியச் சிரிக்கிறாள், மாமா அடக்கமான படமாக ஒன்று கேட்கிறார். அந்த ஒன்றில்தான் வாய் மூடியிருக்கும். உள்ளே அல்வா இருப்பதை நாம் சொல்லவேண்டாம்.

உன்,
மொட்டச்சி