ஒரு கையில் பிடிக்கிற ரம்பம் இல்லை

அன்பு மகளுக்கு,

வெந்நீர் அடுப்புக்கு விறகு துண்டு போட 6 இன்ச் பேட்டரி செயின் ரம்பம் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். பெட்டியில் 48 வோல்ட், 88 வோல்ட் என்று போட்டிருந்தால் கண்டுகொள்ளாதே. உள்ளே பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல் தொடராக இருக்கும். ஒன்றுக்கு 4.2 வீதம் முழு சார்ஜில் 21 வோல்ட், அவ்வளவுதான். 4 இன்ச் தடிமன் வரை நிம்மதியாக அறுக்கும். அதற்கு மேல் பருத்ததை மரம் அறுக்கிறவரிடமே விட்டுவிடு.

செயினை மாட்டும்போது, பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மேல்பக்கத்தில் பல்லின் கூர்முனை தகட்டின் நுனியைப் பார்த்து இருக்கிறதா என்று கவனி. திருப்பி மாட்டினால் மரம் கருகிப் புகைதான் வரும், வெட்டாது. செயினைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்று. கையுறை போட்டு பாரின் நடுவில் செயினை மெல்லத் தூக்கிப் பார்: செயினின் அடிப்பக்கப் பல் பாரின் பள்ளத்தை விட்டு முழுதாக வெளியே வரக்கூடாது, இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். புதுச் செயின் சீக்கிரம் தொய்யும். பத்து வெட்டுக்கு ஒருமுறை பார்த்து இறுக்கு.

இந்த மலிவு ரகங்களில் பலவற்றில் எண்ணெய் தானாக வராது. சில நிமிடத்துக்கு ஒருமுறை செயின் ஆயில் சொட்டு விடு. அது இல்லாவிட்டால் புது என்ஜின் ஆயில். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும், பாரைத் தின்றுவிடும். சமையலறைத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். குளிரில் உறைந்து தூளோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும்.

இனி சொல்வதுதான் முக்கியம். கைக்கு அடக்கமாக இருப்பதால் ஒரு கையில் மிஷினும் மறு கையில் கட்டையுமாகப் பிடிக்கத் தோன்றும். கூடவே கூடாது. பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்மூடித் திறப்பதற்குள் மேலே எகிறும், கட்டை பிடித்த கையில்தான் விழும். ஆசாரியிடம் சொல்லி இரண்டு பெருக்கல் குறி மாதிரி ஒரு தாங்கி அடித்துக்கொள். கட்டையை அதில் கிடத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை ஒரு அடி ஒரு அடியாக அறு. துண்டு தன் எடையில் கீழே சாயும், வெட்டு வாய் விரியும். தாங்கியின் இரண்டு பெருக்கல் குறிகளுக்கும் நடுவே அறுத்தால் கட்டை தொய்ந்து வாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். கவ்வினால் இழுத்து மல்லுக்கட்டாதே. விசையை விட்டு, பேட்டரியைக் கழற்றி, கட்டையைத் தூக்கி எடு. மரத்தைத் தொடுமுன்பே செயின் முழு வேகத்தில் ஓட வேண்டும், அமுக்கவும் கூடாது.

முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கிட்டே வரக்கூடாது. கண்ணாடியும் மூடிய செருப்பும் கட்டாயம்.

சீமைக்கருவேலத்தைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுக் காயவை, காய்ந்தபின் இரும்பு. தென்னை மட்டையை இதில் அறுக்காதே. நார் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் மூடியைக் கழற்றி நோண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும், அதற்கு அரிவாளே போதும். நெடுக்காகப் பிளக்கவும் இது ஆகாது. ஆப்பும் கோடரியும் எதற்கு இருக்கின்றன? அரளிக் கட்டை கலந்திருந்தால் பொறுக்கி எறி, அதன் புகை விஷம்.

மண் ஒட்டிய கட்டையில் ஒரு வெட்டு போதும், பல் மழுங்கிவிடும். செதில் செதிலாக வந்த மரத்தூள் மாவாக வர ஆரம்பித்தால் மழுங்கியது என்று தெரிந்துகொள். பல்லின் குழிவுக்குப் பொருந்தும் உருட்டு அரத்தால், உள்ளிருந்து வெளியே ஒரே சாய்வில், எல்லாப் பல்லுக்கும் சமமாக மூன்று நான்கு முறை தள்ளித் தேய். ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு கோணிக்கொண்டு போகும்.

சுடுகிற பேட்டரியை உடனே சார்ஜில் போடாதே, ஆறட்டும். இரவு முழுக்கவும் விட்டுவைக்காதே. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் பாதி சார்ஜில், அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வை. மிஷின் வேறு, பேட்டரி வேறாக.

தாங்கிக்கு மூன்று இன்ச் சட்டம் போதும். இங்கே பழைய வேப்பஞ்சட்டம் கிடக்கிறது, வேண்டுமானால் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

அப்பா