வீட்டுக்குச் சண்டை போட்டோம், நோட்டுப் புத்தகத்தை கோட்டை விட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல அமெரிக்கப் பாடகர் பிரின்ஸோட சொத்துத் தகராறு பத்தி வந்ததை பசியாறும்போது வீட்ல சத்தமா படிச்சேன். 2016 ஏப்ரல்ல உயில் எழுதாம போன மனுஷன், பொண்டாட்டி பிள்ளை இல்ல, கூடப்பிறந்த தங்கச்சி ஒண்ணு, அப்பா இல்லாட்டி அம்மா மட்டும் ஒண்ணான கூடப்பிறந்தவங்க அஞ்சு பேரு, கோர்ட்டுல ஆறு வருஷம் இழுத்து 2022-லதான் 156 மில்லியன் டாலர்னு மதிப்பு முடிவாச்சு, பங்கு கைக்கு வர்றதுக்குள்ள அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் போயே சேர்ந்துட்டாங்க. "இவ்ளோ பெரிய ஆளுக்கு ஒரு லாயர் கூடவா எடுத்துச் சொல்லல?"ன்னு என் பொண்ணு கேட்டா. நான் ரொட்டி சானாயைப் பிய்ச்சிக்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

எங்க பெரியப்பாவும் அப்படித்தான் போனார். செந்தூல்ல அவரை மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க, கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா எல்லாத்துக்கும் சொந்தமா மெட்டுப் போடுவார். கல்யாணம் பண்ணிக்கல, உயிலும் இல்ல. தாய் தகப்பனும் இல்லாட்டி கூடப்பிறந்தவங்களுக்குச் சரி பங்குன்னு நம்ம மலேசியாச் சட்டம் ஒரே வரியில சொல்லிடுது, எங்க குடும்பத்துக்கு அது நாலு வருஷம் ஆச்சு. எல்லாம் அவரோட அந்த ஒரு லிங்க் வீட்டுக்காக, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடு. அத்தையும் சித்தப்பாவும் இன்னிக்கும் பேசிக்கிறது இல்ல.

மாடிப்படிக்குக் கீழ ஒரு மைலோ பெட்டி இருந்துச்சு. உள்ள பதினோரு நோட்டுப் புத்தகம், ஊதா மையில ஸ்வரம், பக்க ஓரத்துல எந்தப் பாட்டு யாருக்கு எத்தனை கட்டைன்னு வேற குறிச்சிருப்பார். யாரும் அதுக்குப் பங்கு கேக்கல. வீட்டை விக்க காலி பண்ணுன அன்னிக்கு மைக்ல கூவிக்கிட்டு பழைய பேப்பர் லாரி வந்துச்சு, நான்தாங்க தூக்கிட்டுப் போய் போட்டேன். மூணு ரிங்கிட் சொச்சம் குடுத்தான்.

பின்னாடிதான் தெரிஞ்சது, மெட்டுக்கு உரிமை வரணும்னா அதை எழுதியாவது ரெக்கார்ட் பண்ணியாவது வச்சிருக்கணுமாம், அந்த உரிமை போட்டவர் இறந்து 50 வருஷம் நிக்குமாம். 1973-ல 44 வயசுல கையில காசில்லாம போன மலாய் சினிமா நடிகர், பாடகர் பி. ரம்லியோட மெட்டுகளுக்கு 2023 கடைசியிலதான் அந்தக் கணக்கு முடிஞ்சது. அவர் இருந்த வீடு இங்க செத்தாப்பாக்லதான் மியூசியமா இருக்கு, மோட்டார்ல அஞ்சு நிமிஷம். எங்க பெரியப்பா மெட்டு ஒண்ணை போன தைப்பூசத்துக்கு ஒரு குரூப் பத்துமலையில பாடிச்சு, இது அவரோடதுன்னு காட்ட என்கிட்ட ஒரு தாள் இல்ல.

உயில் எழுதிட்டா சண்டையே வராதுன்னு நான் சொல்லல. இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் ஏழைப் பிள்ளைங்க படிப்புக்குன்னு எழுதி வச்சிட்டுத்தான் 2006-ல போனார், அதுக்கே கேஸ் பதினஞ்சு வருஷம் ஓடுச்சு. ஆனா பங்களா யாருக்கு, கார் யாருக்குன்னு பக்கம் பக்கமா போடுற நீங்க, பாட்டு எழுதுறவங்க, மெட்டுப் போடுறவங்களுக்கு ராயல்டி வசூலிக்கிற எம்ஏசிபி சங்கத்துல மெம்பரா சேர்றது எப்படி, காப்புரிமை பாக்குற அரசாங்க ஆபிஸ் மைஇபோவுல பாட்டைப் பதியறது எப்படி, உயில்ல பாட்டு லிஸ்ட்டை எப்படி சேர்க்கிறதுன்னு அரைப் பக்கம் தமிழ்ல போட்டீங்கன்னா இங்க இருக்கிற மாஸ்டருங்க நாலு பேராவது வெட்டி வச்சிக்குவாங்க.

ஆர்மோனியம் அத்தை வீட்ல இருக்கு, மேல ரைஸ் குக்கர் வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
பேர் போட வேணாம், செத்தாப்பாக், கோலாலம்பூர்