சித்தப்பாவுக்கும் மிஸிக்கும் இன்னும் சிலருக்கும் நன்றி

மலேசியா, சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கும் சொந்தங்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு இப்போது மூன்று வயது. மூத்திரத் துளை இடம் மாறிப் பிறந்து, ஆபரேஷனில் சரியானவன். அவன் பெயரை இதில் எழுதவில்லை. பெரியவனான பிறகு இதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பது அவன் பாடு. நன்றிக்கடன் மட்டும் என்னுடையது.

முதல் நன்றி கிளினிக் மிஸிக்கு, அதாவது நர்ஸுக்கு. பிள்ளை பிறந்த நாலாம் நாள் வீட்டுக்கு வந்து பாம்பர்ஸை அவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து அவன் ஒண்ணுக்குப் போனான். மற்ற ஆண்பிள்ளையாக இருந்தால் எதிரில் நிற்பவர் சட்டை நனைந்திருக்கும். இவனோ தன் தொடையைத்தான் நனைத்துக்கொண்டான். மிஸி என் கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். குஞ்சுமணியின் நுனியில் இருக்க வேண்டிய துளை அடிப்பக்கம் சற்றுத் தள்ளி இருந்தது. முன்தோலும் மேலே மட்டும் முக்காடு போட்ட மாதிரி இருந்தது, கீழே இல்லை. அதற்கு முன் பார்த்தவர்கள் கண்ணில் இது படவில்லை. சரி, அது போகட்டும்.

"ஹைப்போஸ்பேடியாஸ்" என்று புத்தகத்தில் எழுதிவிட்டு மலாயில் ஒன்று சொன்னார்: "உங்கள் வழக்கம் எதுவானாலும் சரி, ஆபரேஷனுக்கு முன்னால் யாரையும் இந்தத் தோலை வெட்ட விடாதீர்கள். டாக்டர் தைப்பதற்கு இதுதான் துணி." சுன்னத் வழக்கம் உள்ள வீடுகளில் இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது.

அன்று இரவே வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா என்று என் மனைவியைக் கேட்காத கேள்வி இல்லை. கேட்டவர்களில் என் அம்மாவும் ஒருவர். செம்பனைக்கு மருந்து அடிக்கிற பக்கம் அவளைக் கூட்டிப்போனேனே என்று என் பங்குக்கு நானும் குழம்பிக் கிடந்தேன்.

அதற்கு முடிவு கட்டியவர் ஈப்போ பெரியாஸ்பத்திரி சர்ஜன் அம்மா. நான் கையில் வைத்திருந்த ஐந்து வெள்ளி ரசீதை வாங்கி, மேசையில் வைத்து நீளவாக்கில் சுருட்டினார். இரண்டு ஓரமும் சேர்ந்து குழாய் ஆனது. நுனிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு, "இவ்வளவுதான். கருவில் ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் மூத்திரக் குழாய் இப்படிச் சுருண்டு மூட வேண்டும். இவனுக்கு முழுசாக மூடவில்லை" என்றார். 200 முதல் 300 ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம். பெரும்பாலும் இன்ன காரணம் என்று கைகாட்ட முடியாது, அம்மா செய்த தப்பு எதுவும் இல்லை என்று என் மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். விதைகள் இரண்டும் இறங்கியிருக்கிறதா, குஞ்சுமணி கீழ்நோக்கி வளைகிறதா என்றும் தொட்டுப் பார்த்தார். விதை இறங்காமலும் இருந்தால் வேறு சோதனைகள் செய்வார்களாம். இவனுக்கு லேசான வளைவு மட்டும் இருந்தது. ஆபரேஷனை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வது வழக்கம் என்றார். "குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா?" என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் சித்தப்பா வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, "எனக்கும் அப்படித்தான்டா" என்றார். பால்மரம் சீவிய காலத்தில், மற்றவர்கள் மரத்தோரம் நிற்கும்போது இவர் மட்டும் தனியாகப் போய்க் குந்துவாராம். அறுபத்தெட்டு வயதுவரை சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று பிள்ளை பெற்றவர். துளை நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே வாழ்ந்துவிடுகிறவர்களும் உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். குந்திப் போனதெல்லாம் சித்தப்பாவுக்குக் கஷ்டமில்லை. கேலிக்குப் பயந்து ஒளிந்துகொண்டதுதான் கஷ்டம். அன்றைக்கு அம்மா கிரகணப் பேச்சை விட்டார். இதை எழுதச் சொன்னதும் சித்தப்பாதான், தன் கதையையும் சேர்த்து.

ஆபரேஷன் பிள்ளையின் பதினோராம் மாதத்தில் நடந்தது. மயக்க மருந்துக்காகப் பால் கொடுக்கக்கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு, வழியெல்லாம் வீறிட்ட பிள்ளையோடு எங்களை ஈப்போவில் இறக்கிவிட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நன்றி. லோரி வேலைக்கு ஒரு வாரம் வராதே என்ற முதலாளி தவுக்கேவுக்கும் நன்றி.

வார்டு மிஸி ஒருவர் கத்தரிக்கோலோடு வந்து பாம்பர்ஸில் ஓட்டை போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூத்திரம் வடிய ஆபரேஷனில் வைத்த ட்யூபை அந்த ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மேலே இன்னொரு பாம்பர்ஸ் கட்டினார். உள்ளே இருப்பது மலத்துக்கு, வெளியே இருப்பது சொட்டும் மூத்திரத்துக்கு. காயம் சுத்தமாக இருக்கும். ஏழு நாள் அப்படியே செய்தோம். வீக்கமும் நீலமும் கண்டு நான் பயந்தபோது, இது வற்றிவிடும் என்று தைரியம் சொன்னவர் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா. அவர் பிள்ளைக்குத் தைத்த இடத்தில் சின்னதாக ஒழுகி, அதை அடைக்க இரண்டாம் முறை வந்திருந்தார்கள். அப்படியும் நேரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்களுக்கு நேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சிக்கல் இடுப்பு. கால் அகட்டி உட்காரக்கூடாது, அதனால் பிள்ளையை இடுப்பில் வைக்கக்கூடாது. நம் ஊர்ப் பாட்டிகளுக்கு வேறு விதமாகத் தூக்கத் தெரியுமா? அம்மா இரண்டு வாரம் அவனைக் குறுக்காக ஏந்தியே நடந்தார், கை வலியோடு. அவருக்கும் நன்றி. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அது ஈடு என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

கடைசியாக எதிர்வீட்டு மண்டோர் மாமாவுக்கு நன்றி இல்லை, மன்னிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரோஜாத் தொட்டிக்கு நின்றபடியே, நேராக, மூன்றடி தூரத்திலிருந்து தண்ணீர் விட்டவன் எங்கள் பையன்தான். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்க மனம் வரவில்லை. புதுச் செடி வாங்கித் தருகிறேன்.