ஏழே முக்காலும் குவார்ட்டர் டு எய்ட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கிலத் தாளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். நேரத்தைச் சொல்லும் இடத்தில்தான் நிறையப் பேருக்கு மார்க் போயிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண், பாட்டி இரண்டு நாளைக்கு முன்னால் ஊரிலிருந்து வந்ததை எழுதும்போது 'பிஃபோர் டூ டேஸ்' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "முன்னால்னா பிஃபோர்தானே சார்?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. தமிழில் சாப்பாட்டுக்கு முன்னால் என்றாலும் இரண்டு நாளைக்கு முன்னால் என்றாலும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ'. அதுவும் கடைசியில் வர வேண்டும், 'டூ டேஸ் அகோ' என்று. 'இன்று காலை' என்பதை 'டுடே மார்னிங்' என்றும் 'நேற்று ராத்திரி' என்பதை 'எஸ்டர்டே நைட்' என்றும் எழுதுவது இதே வகைதான். 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்' என்று எழுத வேண்டும். இவை எதுவும் கவனக்குறைவால் வந்த தப்பு கிடையாது. பிள்ளைகள் தமிழில் ஒழுங்காக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

தமிழ் கைகொடுக்கிற இடங்களும் உண்டு. 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே என்று பெரியவர்களே குழம்புவார்கள். ஜூன் மாதத்திலிருந்து என்று சொன்னால் 'சின்ஸ்', ஆறு மாதமாக என்று சொன்னால் 'ஃபார்'. அதே மாதிரி, வெள்ளிக்கிழமைக்குள் என்றால் 'பை', வெள்ளிக்கிழமை வரை என்றால் 'டில்'. தமிழில் வித்தியாசம் புரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கடிகாரம். போன வாரம் ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பெரிய கடிகாரம் வரைந்தேன். ஏழே கால் 'குவார்ட்டர் பாஸ்ட் செவன்', ஏழரை 'ஹாஃப் பாஸ்ட் செவன்'. இதுவரை சரியாகச் சொன்னார்கள். ஏழே முக்காலுக்குப் பெரிய முள்ளை ஒன்பதில் வைத்ததும் "த்ரீ குவார்ட்டர் பாஸ்ட் செவன்" என்று ஒரு பையன் கத்தினான். நாம் ஏழு முடிந்து எவ்வளவு போயிற்று என்று பார்க்கிறோம்; ஆங்கிலத்தில் எட்டு ஆக எவ்வளவு பாக்கி என்று பார்த்து 'குவார்ட்டர் டு எய்ட்' என்கிறார்கள். "எட்டு ஆக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குன்னு வீட்டில சொல்வாங்க இல்ல? அதுதான் இந்த டு" என்றேன். பையன் முகம் தெளிந்துவிட்டது.

ஆனால் பின்வரிசையில் நாலைந்து பிள்ளைகளுக்கு முக்கால் என்ற சொல்லே பிடிபடவில்லை. அவர்கள் பார்ப்பது கைப்பேசியில் வரும் 7:45 மட்டும். அதை "ஏழு நாற்பத்தஞ்சு" என்று படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த தப்பைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. காலும் அரையும் முக்காலும் தெரியாத பிள்ளைக்கு 'குவார்ட்டர்' எப்படிப் புரியும்?

ரயில் டிக்கெட்டையும் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். 15ஆம் தேதி, 00:20 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். நமக்கு விடிந்தால்தான் மறுநாள். ரயில்வேக்கு நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும். இது புரியாமல் ஒரு நாள் தாமதமாகப் போய் நின்ற குடும்பங்கள் உண்டு. ஏ.எம்., பி.எம். என்பவையும் லத்தீன் சொற்களின் சுருக்கம்தான்: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது சார், நாங்க என்னத்தைச் சொல்லித் தர" என்று பல அம்மாக்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது தமிழைத்தான். முடிந்தால் வீட்டில் ஒரு முள் கடிகாரம் மாட்டுங்கள். சாயங்காலம் அடுப்படியிலிருந்தே "மணி என்னடா கண்ணு?" என்று கேளுங்கள். "ஆறே முக்கால்" என்று பதில் வரட்டும். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று நீங்கள் பார்க்க வேண்டாம்; அதை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பெற்றோர் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு. விடைத்தாளில் கையெழுத்துப் போட்டு, வரும்போது எடுத்து வாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணி வரை வரலாம், நான் பள்ளியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்