அந்தப் 12 நிமிடத்தை வெட்டிவிடாதீர்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

வேற்றுக்கிரகத்துக்கு மனிதர் போகும் கதையை உங்களில் யாராவது இப்போது எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. விண்வெளிப் படம் என்றால் முதல் நாளே தியேட்டரில் போய் உட்காருகிறவன் நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். செவ்வாயில் நிற்கும் நாயகன், பூமியில் இருக்கும் மனைவியோடு ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும் காட்சியை எழுதாதீர்கள்.

ஒளிக்கே அங்கே போய்ச்சேர, கிரகங்கள் நெருங்கியிருந்தால் 3 நிமிடம், விலகியிருந்தால் 22 நிமிடம் ஆகும். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால், "இருக்கேன்" என்ற பதில் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். இது கதையின் வேகத்தைக் கெடுக்கும் என்று பல படங்களில் தூக்கிவிடுகிறார்கள். எனக்கோ கதையே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

2014 செப்டம்பர் 24 காலையை நினைத்துப் பாருங்கள். இந்தியா செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யான் விண்கலம் அதைச் சுற்றும் பாதையில் நுழைய, ஏறக்குறைய 300 நாள் உறங்கிக் கிடந்த அதன் பிரதான எஞ்சின் எரிந்தாக வேண்டும். இரண்டு நாள் முன்பு 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்திருந்தார்கள். இப்போது 24 நிமிடம். கட்டளைகளெல்லாம் முன்கூட்டியே ஏற்றியாகிவிட்டது; பெங்களூரில் இருந்தவர்கள் இனிச் செய்வதற்கு எதுவுமில்லை. எஞ்சின் எரியத் தொடங்கிய சில நிமிடங்களில் விண்கலம் செவ்வாயின் பின்னால் போய் மறைந்தது. மறுபடி வெளியே வந்து அது அனுப்பிய சமிக்ஞையும் நம்மை எட்ட 12 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. எட்டு மணி வாக்கில் எல்லோரும் எழுந்து கைதட்டியதை டிவியில் பார்த்து நானும் அழுதேன். ஆனால் அங்கே எஞ்சின் எரிந்து அணைந்து கால் மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது!

அதில் ஆள் இல்லை. இருந்திருந்தால்? அவன் பிழைத்தானா என்பது முடிவாகிவிட்ட பிறகும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாவின் முகத்தை விட்டுவிட்டு, எதற்கு ஒரு வெடிவிபத்து?

புயலும் அப்படித்தான். 2015இல் வந்த 'தி மார்ஷியன்' எனக்கு மிகப் பிடித்த படம். ஆனாலும் அதன் தொடக்கத்தில் வரும் பேய்க்காற்று அங்கே வீசாது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. உண்மையான ஆபத்து தூசி. சூரியனை மறைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 2018இல், செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அப்படித்தான் ஓய்ந்தது. அதன் குரலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இஸ்ரோ தன் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் போய் உட்காருங்கள். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். விடை வராத அந்த நிமிடங்களில் யார் முகத்தைப் பார்த்தீர்கள், கையை எங்கே வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
முதல் நாள் ரசிகன் ஒருவன்