கீத்தோர்ன்: அடுப்புக்காகத் தோண்டிய ஊர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்காக நெதர்லாந்து போகிறாள் என்பதில் ரொம்ப சந்தோஷம். கீத்தோர்ன் பார்க்க வேண்டிய ஊரா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போகட்டும். ஆனால் ‘வடக்கின் வெனிஸ்’ என்ற விளம்பரத்தைத் தள்ளிவிடச் சொல். ஊருக்குள் கால்வாய்களும் சுற்றிலும் ஏரிகளுமாக நிற்கும் தண்ணீரெல்லாம் அடுப்பெரிக்கத் தோண்டியதால் வந்தது.

ஓவரைசல் மாகாணத்தின் அந்தப் பகுதி முழுக்க பீட் நிலம். செடிகொடி மட்கிச் சேர்ந்த சதுப்பு மண், காய்ந்தால் எரியும். மேலே கிடந்ததை வெட்டி முடித்தபின் தண்ணீருக்கு அடியிலும் கைவைத்தார்கள். நீண்ட கழியின் நுனியில் இரும்பு வளையம், அதில் வலை. அதால் சேற்றை வாரி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பள்ளத்தை ஒட்டி விட்டுவைத்த ஒடுக்கமான கரையில் பரப்புவார்கள். நீர் வடிந்ததும் காலில் பலகை கட்டிக்கொண்டு மிதித்து இறுக்கி, செங்கல் அளவில் அறுத்து, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்குவார்கள். அதைப் படகில் ஏற்றிப்போக வெட்டியவைதான் ஊருக்குள் ஓடும் கால்வாய்கள்.

விட்டுவைத்த கரையும் பீட்தானே, அதையும் காசாக்கத் தோன்றாதா? பள்ளம் அகலமானது, கரை மெலிந்தது. அகன்ற நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. அலை பெருத்துக் கரையை அரித்தது. 1776 புயலில் பக்கத்து பியூலாக்க கிராமமே போய்விட்டது. 1825 வெள்ளம் இன்னும் பல கரைகளைக் கொண்டுபோனது. இன்று அங்கே பெரிய ஏரிகள். வடக்கே வேர்ரிபன் என்ற சதுப்புப் பகுதியில் பின்னாளில் பள்ளத்தைச் சுமார் 30 மீட்டர் அகலத்தோடு நிறுத்தினார்கள். அதனால் வரிவரியாகக் கரைகள் இன்னும் நிற்கின்றன.

ஊரில் 170-க்கும் மேற்பட்ட பாலங்கள். வைக்கோலும் மாடும் ஏற்றிய படகு அடியில் நுழைய வேண்டும் என்பதால்தான் அத்தனை உயரம். தொழுவத்தின் கூரை வீட்டுக் கூரையைவிட எழும்பி நிற்பதையும் கவனிக்கச் சொல்: கால்வாய் சூழ்ந்த தீவுத் துண்டில் பக்கவாட்டில் இடமில்லை, வைக்கோல் வைக்க மேலேதான் போக முடியும். கூரை வேய்வது நாணலால். குளிர்காலத்தில் நாணலை அறுக்காமல் விட்டால் அது வளரும் இடம் புதர் மூடி, கொஞ்ச வருஷத்தில் காடாகிவிடும்.

பழைய ஊருக்குள் கார் போகாது. கோடை சனி ஞாயிறில் கால்வாயில் படகுகள் முட்டிக்கொள்ளும். வாரநாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஊரை ஒட்டிய போவன்வைட ஏரிக்கும் படகை விடலாம். ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் பலத்த காற்றில் சிறு படகு திரும்ப மறுக்கும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நடராஜன்