தேக்கா ஆடுகளுக்கு ரொட்டி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பொங்கலை ஒட்டி நம் சிங்கப்பூர் தேக்காவில் மாடுகளையும் ஆடுகளையும் கட்டி வைப்பது நல்ல விஷயம், குறை சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்த சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் இப்போது பிள்ளைகள் ஆட்டைப் பக்கத்தில் பார்ப்பதே அந்தச் சில நாள்தான். ஆனால் தடுப்புக்கு வெளியே நின்ற ஒருவர் ரொட்டியைப் பிய்த்துப் போட, அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிஸ்கட், புரோட்டா என்று நீட்ட, "பாவம், பசிக்குது போல" என்று ஒரு பெரியவர் வேறு எடுத்துக் கொடுத்தார். ஆட்டுக்குப் பசிக்காத நேரம் எது?

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். வீட்டில் எப்போதும் இருபது முப்பது செம்மறி நிற்கும், இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பனி காய்ந்த பிறகுதான் பட்டியைத் திறப்போம், ஈரப்புல்லை மேய்ந்தால் வயிற்றில் புழு வைத்துவிடும். குட்டிகளைப் பஞ்சாரம் என்கிற பெரிய கூடையைப் போட்டு மூடிவிட்டுத் தாய்களை மட்டும் ஓட்டிப் போவோம். உச்சிவெயிலில் ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையைக் கொடுத்துக் கும்பலாக நின்றுவிடும், அப்போது விரட்டக் கூடாது. சாயங்காலம் பஞ்சாரத்தைத் தூக்கினால் கேட்கும் கூச்சல் சொல்லி மாளாது. ஒவ்வொரு தாயும் வாலடியை மோந்து தன் குட்டிதான் என்று தெரிந்த பிறகே மடி கொடுக்கும், வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளிவிடும்.

இத்தனையிலும் அப்பா அதிகம் பயந்தது கல்யாண வீட்டுச் சோற்றுக்குத்தான். கொட்டிய சோற்றிலோ நெல் காயும் களத்திலோ ஆடு வாய் வைத்துவிட்டால் வயிறு உப்பிப் படுத்துவிடும், சிலது எழுந்திருக்காது. அசைபோடும் பிராணிக்கு மாவுச்சத்து திடீரென்று நிறையப் போனால் இரைப்பையில் அமிலம் பெருகிவிடுகிறது. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை அளவில்லாமல் தின்ற குட்டிக்கு வரும் துள்ளுமாரி நோய்க்காவது தடுப்பூசி இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை.

ஆளுக்கு ஒரு துண்டுதானே என்று போடுகிறோம். நாள் முழுக்க அந்தத் தடுப்பைச் சுற்றி எத்தனை ஆள்!

ஏற்பாட்டாளர்கள் 'தீனி போடாதீர்கள்' பலகையை நான்கு மொழிகளிலும், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் வைக்கலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காய்ந்த புல்லை பண்ணை ஆள் எடுத்துக் கொடுக்கட்டும். அப்புறம், இங்கே கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் தம்பிகளில் ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் தேக்காவுக்கு வருவார்கள். இரண்டு மணி நேரம் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடலாம், சும்மா இல்லை, கூலியும் சாப்பாடும் கொடுத்து.

வாசகர்,
ஈசூன்